குரோம் முலாமுக்குத் தடையா? பளபளப்புக்கு அடியில் இருப்பது என்ன?

"குரோம் முலாமுக்குத் தடை" என்ற செய்தி சில ஆண்டுகளாகவே தலைப்புகளில் வந்துபோகிறது. கலிபோர்னியா மாநிலத்தின் காற்று வள வாரியம் 2023 மே மாதத்தில் ஒரு விதியை நிறைவேற்றியது. அலங்கார முலாம் பூசும் தொழிலகங்கள் 2027 ஜனவரி 1-க்குள் ஆறு இணைதிறன் குரோமியத்தை, அதாவது குரோம் தொட்டிக் கரைசலில் இருக்கும் நச்சு வடிவக் குரோமியத்தை, கைவிட வேண்டும்; கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்பவர்களுக்கு 2030 வரை அவகாசம். ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு முன்பே, 2017 செப்டம்பர் 21-க்குப் பிறகு அதே வகைக் குரோமியம் கொண்ட குரோமியம் டிரைஆக்சைடைச் சிறப்பு அனுமதி இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டது.

செய்தியைப் படித்தவர்களுக்கு எழும் கேள்விகள் இரண்டு. வீட்டுக் குளியலறையில் மின்னும் குழாய் நஞ்சா? இனி அந்த மினுக்கு கிடைக்காதா? குழாய் நஞ்சல்ல, மினுக்கும் தொடர்ந்து கிடைக்கும். தடை பொருளின் மீது அல்ல, அந்தப் பொருளை முக்கி எடுக்கும் தொட்டியின் மீது. இந்த வேறுபாடு விளங்க வேண்டுமானால் முலாம் எப்படி ஏறுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முலாம் எப்படி ஏறுகிறது?

ஓர் உலோக உப்பை நீரில் கரைத்தால் அந்த உலோகம் நேர்மின்னூட்டம் கொண்ட அயனிகளாக நீரில் மிதக்கும். முலாம் பூச வேண்டிய பொருளை மின்சாரத்தின் எதிர்முனையில் இணைத்து அந்தக் கரைசலில் தொங்கவிட்டால், அயனிகள் அதை நோக்கி நகர்ந்து, எலக்ட்ரான்களைப் பெற்று, மீண்டும் உலோகமாகி மேற்பரப்பில் படியும். நேர்முனையில் பெரும்பாலும் அதே உலோகத்தின் கட்டி இருக்கும். படிவதற்கு ஈடாக அது கரைந்துகொண்டே வரும். மின்முலாம் என்பது இவ்வளவுதான். வோல்டா மின்கல அடுக்கை அறிவித்தது 1800-ல். 1805-லேயே இத்தாலியரான புருக்னடெல்லி அதைக் கொண்டு வெள்ளியின் மீது தங்கம் படியவைத்தார். 1840-ல் பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் சயனைடு கரைசலைப் பயன்படுத்தும் காப்புரிமையைப் பெற்ற பிறகு இது தொழிலாக வளர்ந்தது.

எவ்வளவு உலோகம் படியும் என்பதை ஃபாரடேயின் விதி சொல்லிவிடும். நிக்கலை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஏறக்குறைய 1.1 கிராம் நிக்கல் படியும். 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு தகட்டில் 4 ஆம்பியரை 15 நிமிடம் செலுத்தினால் சுமார் 12 மைக்ரான் தடிமன் வரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாத் தடிமன்களும் இந்த அளவில்தான்.

கணக்கு நேராக இருந்தாலும் படிவு நேராக இருப்பதில்லை. மின்சாரம் எளிதான வழியையே தேடும். பொருளின் விளிம்பிலும் முனையிலும் அது குவியும், குழிக்குள்ளும் உள்மூலையிலும் போகத் தயங்கும். ஆகவே "சராசரி 12 மைக்ரான்" என்று சொல்லப்படும் பொருளில் விளிம்பு தடித்தும் குழி மெலிந்தும்தான் இருக்கும். துருப்புள்ளி எப்போதும் இடுக்கில் முதலில் தலைகாட்டுவது இதனால்தான். குறையைச் சமாளிக்க, பொருளைக் கொக்கியில் மாட்டும் கோணத்தை மாற்றுவார்கள். துணை நேர்முனைகளைக் குழிக்கு அருகே கொண்டுபோவார்கள். சில இடங்களில் மின்சாரத்தைத் "திருட" ஒரு வெற்றுக் கம்பியை விளிம்பருகே வைப்பார்கள்.

கரைசலின் நடத்தையைப் பார்க்க ஹல் செல் என்ற சிறு பாத்திரம் உண்டு. கொள்ளளவு 267 மில்லிலிட்டர். அதில் ஒரு தகட்டைச் சாய்வாக வைத்து முலாம் ஏற்றுவார்கள். தகட்டின் ஒரு முனை நேர்முனைக்கு அருகே, மறுமுனை தொலைவில். எடுத்துப் பார்த்தால் ஒரே தகட்டில் கருகிய பகுதி, கண்ணாடிபோல மின்னும் பகுதி, மங்கிய பகுதி, எதுவுமே ஏறாத பகுதி என வரிசையாகத் தெரியும். அனுபவமுள்ளவர் அந்தத் தகட்டைப் பார்த்தே தொட்டியில் எது குறைகிறது, எந்த மாசு கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

தொட்டிக்கு முன்னால் நடப்பவை

முலாம் உரிந்துபோனால் எல்லோரும் முலாமைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி அதற்கு முந்தைய வேலை. வரிசை பொதுவாக இப்படி இருக்கும்:

1. மெருகேற்றுதல். சாணைப் பட்டை, பிறகு மெழுகும் பொடியும் தடவிய துணிச் சக்கரம். முலாம் கீறலை மறைக்காது. பளபளப்பான முலாம் கீறலைப் பெரிதாக்கியே காட்டும். கையுழைப்பு அதிகம் செலவாகும் கட்டம் இது.

2. எண்ணெய் நீக்குதல். மெருகிடும் மெழுகு, கைரேகை, இயந்திர எண்ணெய் எல்லாம் காரக் கரைசலில் கழுவப்படும். பிறகு அதே மாதிரியான கரைசலில் மின்சாரம் செலுத்தி இன்னொரு முறை. அப்போது மேற்பரப்பில் உருவாகும் வாயுக் குமிழிகள் எஞ்சிய அழுக்கைப் பெயர்த்துவிடும். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பொருளைத் தண்ணீரில் முக்கித் தூக்கினால், நீர் ஒரே படலமாக மூடி வழிய வேண்டும். எங்காவது படலம் உடைந்து துளிதுளியாக ஒதுங்கினால் அங்கே எண்ணெய் இருக்கிறது, திரும்பக் கழுவ வேண்டும்.

3. அமிலத்தில் முக்குதல். கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் கரைந்து உலோகம் வெளிப்படும்.

4. முதல் பூச்சு. இதைத் தொழிலில் ஸ்டிரைக் என்பார்கள். அடிப்படை உலோகத்தைப் பொறுத்து மாறும் கட்டம் இதுதான். துத்தநாக வார்ப்பை நேரடியாக அமிலத் தாமிரக் கரைசலில் போட்டால் அது அரிக்கப்பட்டுவிடும்; அதனால் சயனைடு கரைசலில் மெல்லிய தாமிரம் முதலில் ஏறும். அலுமினியத்தின் ஆக்சைடு படலம் நொடிகளில் மீண்டும் உருவாகிவிடும் என்பதால், துத்தநாகக் கரைசலில் முக்கி ஒரு துத்தநாகப் படலத்தைப் படியவைத்த பிறகே மற்ற வேலை.

5. தாமிரம், நிக்கல், கடைசியாக மேற்பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையே அலசல். அலசலைச் சிக்கனப்படுத்தும் தொழிலகம் ஒரு தொட்டியின் கரைசலை அடுத்த தொட்டிக்குள் கடத்திக்கொண்டே இருக்கிறது என்று பொருள்.

பிளாஸ்டிக்கின் மீதும் முலாம் ஏறுகிறது. மின்சாரம் கடத்தாத பொருளில் எப்படி? ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கை குரோமிக் அமிலமும் (குரோமியம் டிரைஆக்சைடை நீரில் கரைத்தால் கிடைப்பது) கந்தக அமிலமும் கலந்த கரைசலில் முக்கினால், அதிலுள்ள பியூட்டாடையீன் ரப்பர் துகள்கள் மட்டும் கரைந்து மேற்பரப்பெங்கும் நுண்குழிகள் விழும். அந்தக் குழிகளில் பலேடியம் துகள்களைப் பதித்து, மின்சாரமில்லாமல் வேதிவினையால் மட்டுமே நிக்கலையோ தாமிரத்தையோ படியவைப்பார்கள். குழிகளைப் பற்றிக்கொண்ட அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தும். பிறகு வழக்கமான வரிசைதான். காரின் முன்பக்கக் கிரில் மினுக்குவது இப்படித்தான். இந்தக் குரோமிக் அமிலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தடை பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

குரோம் என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் நிக்கல்

குளியலறைக் குழாயில் இருக்கும் குரோமியத்தின் தடிமன் 0.25 முதல் 0.5 மைக்ரான் அளவில்தான் இருக்கும். அதன் அடியில் 10 முதல் 40 மைக்ரான் வரை நிக்கல். கண்ணாடி போன்ற மினுக்கைத் தருவது நிக்கல். துரு வராமல் தடுப்பதும் நிக்கல். நிக்கலுக்கு இரண்டு குறைகள்: நிறம் சற்று மஞ்சளோடியது, காற்றில் நாளடைவில் மங்கும். மெல்லிய குரோமியம் அதன் மேல் ஏறினால் மங்கல் நிற்கிறது, கீறல் எளிதில் விழுவதில்லை, நாம் "குரோம்" என்று அடையாளம் காணும் அந்த இளநீலச் சாயலும் வருகிறது.

நிக்கல் தொட்டியின் அடிப்படைக் கலவை நூறாண்டுக்கும் மேலாகப் பெரிதாக மாறவில்லை. நிக்கல் சல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம் ஆகிய மூன்றும் சேர்ந்த இக்கலவையை ஆலிவர் வாட்ஸ் 1916-ல் வெளியிட்டார். இன்றும் வாட்ஸ் கரைசல் என்றே பெயர். இதில் மட்டும் முலாமிட்டால் நிக்கல் மங்கலாகவே வரும். மினுக்குக்காகச் சேர்க்கப்படும் பொருள்களில் ஒன்று சாக்கரின், அதாவது சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் அதே இனிப்பூட்டி. அது படிவின் துகள்களை நுண்மையாக்கி, படிவுக்குள் இருக்கும் இழுவிசையையும் தணிக்கிறது. கூடவே தன்னிடமுள்ள கந்தகத்தில் கொஞ்சத்தை நிக்கலுக்குள் விட்டுச்செல்கிறது.

கந்தகம் கலந்த நிக்கல் கலக்காததைவிட வேகமாக அரிக்கும். கேட்பதற்குக் குறைபோலத் தெரியும். ஆனால் அலங்கார முலாமின் மிகக் கெட்டிக்கார உத்தி இந்தக் குறையின் மீதுதான் கட்டப்பட்டிருக்கிறது. முதலில் கந்தகமில்லாத அரைமினுக்கு நிக்கலை ஏற்றி, அதன் மேல் கந்தகமுள்ள முழுமினுக்கு நிக்கலை ஏற்றுகிறார்கள். குரோமியப் படலத்தில் உள்ள ஒரு நுண்துளை வழியாக உப்புநீர் இறங்கினால், அரிப்பு மேல் நிக்கலைத் தின்னும். கீழ் நிக்கலை அடைந்ததும் இறங்குவதை விட்டுப் பக்கவாட்டில் பரவும். மேல் அடுக்கு தன்னைப் பலிகொடுக்கும்வரை கீழே இருக்கும் எஃகை நீர் எட்டாது. காற்று, மழை, சாலை உப்பு எல்லாவற்றையும் தாங்க வேண்டிய வாகன உதிரிபாகங்களில் இந்த இரட்டை நிக்கல் ஏறக்குறையக் கட்டாயம்.

இன்னோர் உத்தி அதைவிட விசித்திரமானது. குரோமியத்தில் ஓட்டையே இருக்கக் கூடாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இரண்டே இரண்டு ஓட்டைகள் இருந்தால், சுற்றியுள்ள குரோமியப் பரப்பு முழுவதும் தூண்டும் அரிப்பு மின்னோட்டம் அந்த இரண்டு புள்ளிகளிலேயே குவிந்து ஆழமாகத் துளைத்துவிடும். ஆகவே நிக்கலில் மின்கடத்தாத நுண்துகள்களைக் கலந்து, குரோமியத்தில் வேண்டுமென்றே சதுர சென்டிமீட்டருக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்துளைகளை உண்டாக்குகிறார்கள். அரிப்பு அத்தனை துளைகளுக்கும் பகிர்ந்து போகிறது. எந்த ஒன்றிலும் ஆழமாக இறங்குவதில்லை. கண்ணுக்கு எதுவும் தெரியாது.

மலிவான பொருளில் மிச்சம் பிடிக்கப்படுவது குரோமியம் அல்ல, நிக்கல். கடையில் ஒன்றுபோலவே மின்னும் இரண்டு குழாய்களில் ஒன்றில் 5 மைக்ரான் நிக்கலும் மற்றதில் 20 மைக்ரானும் இருக்கலாம். வித்தியாசத்தைக் காலம்தான் காட்டும்.

தடை எதன் மீது?

இனி குரோமியத் தொட்டி. 1920-களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் வகுத்துக்கொடுத்த முறையே உலகெங்கும் பரவியது. லிட்டருக்கு ஏறக்குறைய 250 கிராம் குரோமிக் அமிலம், அதில் நூறில் ஒரு பங்கு சல்பேட். இந்த அமிலத்தில் குரோமியம் ஆறு இணைதிறன் நிலையில் இருக்கிறது. அந்த நிலையில்தான் அது ஆபத்தானது: மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை வைத்திருக்கிறது.

தொட்டியில் செலுத்தும் மின்சாரத்தில் 10 முதல் 20 சதவீதம்தான் குரோமியத்தைப் படியவைக்கிறது. மீதி ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரிப்பதில் வீணாகிறது. அந்த வாயுக்கள் கொதிப்பதுபோலக் குமிழியிட்டு மேலே வந்து வெடிக்கும்போது, அமிலத்தின் நுண்துளிகள் மஞ்சள் பழுப்பு மூடுபனியாகக் காற்றில் எழும்புகின்றன. தொட்டியருகே நிற்கும் தொழிலாளி அதைத்தான் சுவாசிக்கிறார். காற்றோட்டம் சரியில்லாவிட்டால் அக்கம்பக்கத்தாரும். மூடுபனியை அடக்க நுரை எழுப்பும் பொருளாக பி.எஃப்.ஓ.எஸ். என்ற ஃபுளோரின் சேர்மத்தைப் பல காலம் பயன்படுத்தினார்கள்; இயற்கையில் சிதையாத அந்தப் பொருளே 2009-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. ஒரு நஞ்சை மூடப் போட்ட போர்வையே இன்னொரு நஞ்சாகிவிட்டது.

பொருளின் மீது படிந்திருப்பதோ ஆறு இணைதிறன் குரோமியம் அல்ல. எலக்ட்ரான்களைப் பெற்றுவிட்ட தூய உலோகக் குரோமியம். தொட்டால், தண்ணீர் பட்டால், அது அமிலமாகத் திரும்பிவிடாது. அதனால்தான் உங்கள் குழாயைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. விதிகளும் அப்படிக் கேட்கவில்லை.

மாற்று என்ன?

மூன்று இணைதிறன் குரோமியக் கரைசல்கள் 1970-களிலிருந்தே வணிகரீதியில் இருக்கின்றன. நச்சுத்தன்மை பல மடங்கு குறைவு. குழிகளுக்குள் முலாம் நன்றாக ஏறும். நடுவில் மின்சாரம் ஒரு நொடி தடைபட்டாலும் பூச்சு கெடுவதில்லை. பழைய தொட்டியில் அது வெண்மையாகப் பூத்துவிடும்.

பிறகு ஏன் எல்லோரும் அன்றே மாறவில்லை? முதல் காரணம் நிறம். புதிய பூச்சு சற்றுக் கறுத்தோ மஞ்சளோடியோ வரும். சல்பேட் வகைக் கரைசல்கள் இப்போது பழைய இளநீலத்தை ஓரளவு நெருங்கிவிட்டன, குளோரைடு வகை இன்னும் கருமையாகவே வருகிறது. தனியே பார்த்தால் யாருக்கும் தெரியாது. பழைய குழாயும் புதிய கைப்பிடியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் உடனே தெரியும். இரண்டாவது, இந்தக் கரைசல் மாசைப் பொறுக்காது. சிறிதளவு தாமிரமோ துத்தநாகமோ கலந்தாலே கோடு கோடாக வரும். மூன்றாவது, பழைய குரோமிக் அமிலம் முலாம் ஏறாத உட்பகுதிகளையும் போகிற போக்கில் துருவிலிருந்து காத்துக்கொண்டிருந்தது. புதிய கரைசலில் அந்த இலவசச் சேவை இல்லை, தனியாக ஒரு பாதுகாப்புக் குளியல் கொடுக்க வேண்டும். புதிய பூச்சு நெடுநாள் தாக்குப்பிடிக்காது என்றும் ஒரு குறை சொல்லப்படுகிறது; அதில் பாதிக்கு மேல் இந்தக் கடைசி விஷயம்தான் என்பது என் கணிப்பு. அடியில் நிக்கல் ஒழுங்காக இருந்தால் மேலிருக்கும் அரை மைக்ரான் எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்பது வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்குப் பெரிய விஷயமல்ல.

கடினமான இடம் பிளாஸ்டிக். மேலே சொன்ன குழிவிழச் செய்யும் கரைசலும் ஆறு இணைதிறன் குரோமியம்தான். பெர்மாங்கனேட் போன்ற மாற்றுகள் வந்திருக்கின்றன. ஆனால் அவை எல்லா வகைப் பிளாஸ்டிக்குக்கும் ஒத்துவருவதில்லை.

பி.வி.டி. முறையே முழுத் தீர்வு என்று விளம்பரங்கள் சொல்கின்றன. வெற்றிடக் கலனுக்குள் டைட்டானியத்தையோ சிர்க்கோனியத்தையோ ஆவியாக்கி, நைட்ரஜன் வாயுவோடு சேர்த்துப் பொருளின் மீது படியவைக்கும் முறை இது. டைட்டானியம் நைட்ரைடு தங்க நிறம், சிர்க்கோனியம் நைட்ரைடு பித்தளை நிறம், கீறல் தாங்கும். "கோல்டு ஃபினிஷ்" என்று விற்கும் பல குழாய்களில் தங்கம் துளியும் இல்லாதது இதனால்தான். ஆனால் பித்தளை அல்லது துத்தநாகப் பொருளில் பி.வி.டி. படலம் பெரும்பாலும் நிக்கல், குரோம் முலாமின் மேல்தான் ஏற்றப்படுகிறது. மேல்நிறம் மாறினாலும் கீழே அதே தொட்டி.

தங்கம்: மில்லிகிராம் கணக்கு

நகையில் குழப்பம் வேறு மாதிரி. அங்கே சொல்தான் ஏமாற்றும். அமெரிக்க வணிக ஆணையத்தின் வழிகாட்டு விதிகளில், மின்முலாமாகத் தங்கம் ஏற்றியது என்று சொல்லக் குறைந்தது 0.175 மைக்ரான் தடிமன் வேண்டும். வெர்மெய் என்று சொல்ல, அடியில் ஸ்டெர்லிங் வெள்ளியும் மேலே 2.5 மைக்ரான் தங்கமும் வேண்டும். ஐந்து சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள மோதிரத்துக்குக் கணக்குப் போட்டால் முதலாவதில் 1.7 மில்லிகிராம் தங்கம், இரண்டாவதில் 24 மில்லிகிராம். இரண்டும் வாங்கும்போது ஒரே மஞ்சள்.

விரலில் தேயும் மோதிரத்தில் மெல்லிய பூச்சு சீக்கிரம் போய்விடும், காதணியில் நெடுநாள் நிற்கும். தேயாவிட்டாலும் இன்னொரு வழியில் நிறம் மாறும்: தாமிரத்தின் மீது நேரடியாகத் தங்கம் பூசினால் தாமிர அணுக்கள் மெல்ல மேலேறி மேற்பரப்பில் கறுக்கும். இடையில் ஒரு நிக்கல் அடுக்கு இருந்தால் அது தடுக்கும். ஆனால் நிக்கல் பலருக்குத் தோல் ஒவ்வாமையைக் கிளப்பும். ஐரோப்பிய விதியில், தோலோடு நீண்ட நேரம் ஒட்டியிருக்கும் பொருளிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது. துளையில் செருகும் அணிகளுக்கு 0.2. நிக்கலைத் தவிர்க்க பலேடியமோ, தாமிரமும் வெள்ளீயமும் துத்தநாகமும் சேர்ந்த வெண்ணிற வெண்கலமோ பயன்படும். வெள்ளைத் தங்க நகையின் பளிச்சென்ற வெண்மை அதன் மேலுள்ள ரோடியம் முலாமால் வருவது. அதுவும் ஒரு மைக்ரானுக்குக் குறைவு, தேய்ந்தால் திரும்ப ஏற்ற வேண்டும்.

பழமைத் தோற்றம் தரும் ஆன்டிக் வகையைப் பற்றி ஒரு வரி போதும்: தாமிர முலாமைச் சல்பைடு கரைசலில் கறுக்கவைத்து, மேடுகளை மட்டும் தேய்த்து எடுத்து, மேலே நிறமற்ற லாக்கர் அடிப்பார்கள். லாக்கர் போனால் நிறமும் போகும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. மேற்பூச்சின் பெயரைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அடியில் நிக்கல் எத்தனை மைக்ரான், ஒற்றை அடுக்கா இரட்டையா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடமும் தயாரிப்பாளரின் தரவுத்தாள் இருக்கலாம்.

2. அடிப்படை உலோகம் எது? பித்தளையில் முலாம் தேய்ந்தாலும் பித்தளைதான் தெரியும். துத்தநாக வார்ப்பிலோ, வார்க்கும்போது உள்ளே சிக்கிய காற்று பின்னாளில் முலாமைக் கொப்புளமாகத் தூக்கும்.

3. குரோம் பூச்சைத் துடைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த கழிவறைச் சுத்திகரிப்பான் கூடாது. குரோமியம் அந்த அமிலத்தில் கரையும். வெள்ளை உப்புக்கறைக்கு நீர்த்த வினிகரைத் தொட்டுத் துடைத்து உடனே அலசினால் போதும். தங்க, பித்தளை முலாமில் அரைத்துத் தேய்க்கும் எந்தப் பொடியும் வேண்டாம்.

4. ஒரு தொகுப்பில் உடைந்த பாகத்தை மட்டும் மாற்றுவதானால், அது எந்த வகைக் குரோம் என்று கேட்டு வாங்குங்கள். தொழிலகங்கள் மூன்று இணைதிறனுக்கு மாறிவரும் இந்த ஆண்டுகளில், ஒரே பெயரில் விற்கும் பொருளே பழைய சாயலிலும் புதிய சாயலிலும் கலந்துதான் கிடைக்கும். பகல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது; கடை விளக்கில் அந்த வேறுபாடு தெரியாமல் போகலாம்.